தீவன மூட்டையில் எழுதாத நார்

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறுவதால் வள்ளக்காரர்களும் பல நாள் கரையிலேயே இருக்க வேண்டியிருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் இனயம், மீனை நம்பி வாழும் ஊர். 2016-ல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்த துறைமுகத் திட்டத்தை அந்த ஊரும் அக்கம்பக்கத்துக் கடலோர ஊர்களும் எதிர்த்து நின்றது இந்த வாழ்வைக் காத்துக்கொள்ளத்தான். அப்படிப்பட்ட ஊரிலும் மீன் வரத்துக் குறைந்த நாட்களில், சாளையும் அயலையும் கொதித்த சட்டியில் பிராய்லர் கோழி வேகிறது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாண வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

கடலில் வளர்ந்த மீன் என்ன தின்றது என்று நாம் கேட்பதில்லை. பிராய்லர் கோழியின் கதை வேறு. அது கொத்தித் தின்ற ஒவ்வொரு கிராமையும் யாரோ ஒருவர் கணக்குப் போட்டுத் தீர்மானித்திருக்கிறார். உற்பத்திச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்தில் எரிசக்தி எவ்வளவு, புரதம் எவ்வளவு, லைசின், மெத்தியோனின் எவ்வளவு என்று புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை பார்க்கிறார்கள். நாரை மட்டும் ‘இதற்கு மேல் போகக் கூடாது’ என்ற ஒரே எண்ணோடு ஓரங்கட்டிவிட்டார்கள். அந்த எண் போதாது என்பதே என் வாதம். எந்த நார், எவ்வளவு, எந்தப் பருவெட்டில் என்ற மூன்றும் சேர்ந்துதான் கோழியின் வளர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. தீவனம் வாங்குகிறவருக்கும் கோழி வளர்க்கிறவருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

அரைவைப்பையைப் பிளந்து பார்த்தால்

முற்றத்தில் மேய்ந்த நாட்டுக்கோழியை அறுக்கும்போது அரைவைப்பையைத் தனியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கனக்கும். இரு பக்கமும் கருஞ்சிவப்புத் தசை திரண்டிருக்கும். பிளந்தால் உள்ளே மணல், சிப்பித் துண்டு, புல், நெல்லுமி, சில நேரம் வண்டின் ஓடு. உள்சுவரில் ஒட்டிய மஞ்சள் தோல் சொரசொரப்பாக இருக்கும். விரல் நுனியால் இழுத்தால் ஒரே தோலாக உரிந்து வரும். நாரில்லாத மாவுத்தீவனம் தின்று வளர்ந்த பிராய்லரின் அரைவைப்பையை அதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சுவர் மெலிந்திருக்கும். உள்ளே கூழான தீவனம் மட்டும் இருக்கும். சில பறவைகளில் அதற்கு முன்னுள்ள சுரப்பி வயிறு ஊதிப்போய், எது எங்கே முடிகிறது என்று எல்லை தெரியாது.

கோழிக்குப் பல் கிடையாது. அரைப்பது முழுக்க இந்தப் பையின் வேலை. நன்றாக அரைத்துப் பெல்லட் ஆக்கிய தீவனம் வந்தால் அரைக்க ஒன்றுமில்லை. உள்ளே வந்தது வந்த வேகத்தில் குடலுக்கு நழுவிவிடும். பருவெட்டான உமித் துண்டோ தோலோ இருந்தால், அது பொடியாகும் வரை பை அதை வெளியே விடாது. அதோடு சேர்ந்து மற்றத் தீவனமும் அமிலத்தில் கூடுதல் நேரம் ஊறுகிறது. பெப்சின் புரதத்தை உடைக்கிறது. குடலின் முதல் வளைவிலிருந்து பித்தமும் கணையநீரும் கலந்த கூழ் திரும்ப மேலேறி வந்து மறுபடி கலக்கிறது. மாவுச்சத்தும் புரதமும் இதனால் கூடுதலாகச் செரிக்கின்றன. பையின் தசையும் உழைத்து உழைத்துத் திரள்கிறது.

நார்வே உயிர் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பிர்கர் ஸ்விஹுஸ் 2011-ல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு இத்துறையில் இருப்பவர்கள் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் ஒன்று. தீவனத்தில் பருவெட்டான பொருள் இருந்தால் அரைவைப்பையின் அமிலத்தன்மை கூடுவதையும், பை இரண்டு மடங்குக்கு மேல்கூடப் பெருக்கக்கூடும் என்பதையும் அவர் தொகுத்துக் காட்டினார். குறைந்தது 3 சதவீதம் பருவெட்டான நார் இருக்கட்டும் என்பது அவர் பரிந்துரை. மாட்ரிட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாத்தியோஸ் குழுவினர் மக்காச்சோளமும் அரிசியும் அடிப்படையான, நார் குறைந்த தீவனத்தில் 3 சதவீதம் ஓட்ஸ் தோல் சேர்த்துப் பார்த்தார்கள். கோழிகள் கூடுதல் எடை போட்டன. தீவனத்தை இறைச்சியாக்கும் திறனும் மேம்பட்டது. எடைக்கு எடை பார்த்தால் சத்தே இல்லாத தோலைச் சேர்த்து, சத்துள்ள பொருளைக் குறைத்த பிறகும் கிடைத்த பலன் இது. பெக்டின் நிறைந்து தண்ணீரில் ஊதும் சர்க்கரைக்கிழங்குச் சக்கை அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்துக்கு மேல் நன்மை தேய்ந்து எடை குறையவும் செய்தது.

நாரைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

5 சதவீதம் என்ற எண்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1374 (2007) பிராய்லர் தீவனத்துக்கு மூன்று கட்டங்களை வகுக்கிறது. ப்ரீ-ஸ்டார்டரில் புரதம் குறைந்தது 23 சதவீதம், ஸ்டார்டரில் 22, ஃபினிஷரில் 20. மூன்றுக்கும் கச்சா நார் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய அனுபவத்தில் பிறந்த நியாயமான வரம்பு அது. தவிட்டையும் உமியையும் அள்ளிக் கலந்து மூட்டை கட்டி விற்பவர்களிடமிருந்து பண்ணையாளரைக் காத்தது. அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

ஆனால், கச்சா நார் என்ற அளவீடு 1860-களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு அருகே வெண்டே ஆய்வுப் பண்ணையில் ஹென்னபெர்க், ஸ்டோமான் ஆகியோர் வகுத்த முறை. மாதிரியை முதலில் அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்க வைத்து மிஞ்சுவதை எடைபோடுவார்கள். கொதியிலேயே ஹெமிசெல்லுலோஸில் பெரும்பங்கும் லிக்னினில் ஒரு பங்கும் கரைந்து போய்விடும். கோழியின் குடலைப் பிசுபிசுப்பாக்கும் கரையும் நார் கணக்கிலேயே வராது. சோயாப் புண்ணாக்கில் கச்சா நார் 4 முதல் 7 சதவீதம் என்று அறிக்கை சொல்லும். அதில் மாவுச்சத்தல்லாத கூட்டுச்சர்க்கரைகள் ஏறத்தாழ 20 சதவீதம். கோதுமையில் கச்சா நார் இரண்டரை சதவீதம்தான். கரையும் அராபினோசைலான் அந்தக் கணக்கில் வராமல் ஒளிந்திருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்கு 1960-களிலேயே பீட்டர் வான் சோஸ்ட் இதைவிடச் சிறந்த முறையை வகுத்துத் தந்துவிட்டார். கோழித் தீவன மூட்டையில் இன்றும் அச்சாவது பழைய எண்தான்.

கரையாத நாரும் கரையும் நாரும் கோழியின் வயிற்றில் நேரெதிர் வேலை செய்கின்றன. உமி, ஓட்ஸ் தோல், சோயாத் தோல் முதலியவற்றில் மிகுதியும் கரையாத நார். அது அரைவைப்பைக்கு வேலை கொடுக்கிறது. பார்லியின் பீட்டா குளுக்கான், கோதுமையின் அராபினோசைலான், கொத்தவரைப் புண்ணாக்கின் பசை ஆகியவை குடலில் கஞ்சிபோலக் கெட்டிப்படுகின்றன. நொதிகள் சத்தைச் சென்றடைவதில்லை. கொழுப்புச் செரிமானம் முதலில் அடிவாங்கும். செரிக்காமல் கீழே இறங்கியதைக் கெட்ட கிருமிகள் தின்று பெருகும். எச்சம் ஒட்டும், கூளம் ஈரமாகும். பார்லித் தீவனத்தில் நொதி சேர்த்தால் குஞ்சுகள் நன்கு வளர்வதை 1957-லேயே அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்று தீவன ஆலைகள் சைலனேஸ், மானனேஸ் என்று நொதிப் பொடிகளைக் கலப்பது அந்த வழியில் வந்ததுதான்.

ஈரக் கூளத்தின் விலை என்ன என்று குமரி மாவட்டத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. நடுவிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. கூளம் ஒருமுறை நனைந்தால் காய்வது அரிது. அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும். பாதம் புண்ணாகும், நெஞ்சில் கொப்புளம் வரும், ரத்தக்கழிச்சல் தலைகாட்டும். பாதம் புண்ணான கோழி தீவனத் தட்டுக்கு நடக்காது. நடக்காத கோழி எடை போடாது.

இதில் இன்னொன்றும் உண்டு. தீவனத்தில் நார் போதாதபோது கோழி அதைத் தானே தேடிக்கொள்கிறது. கீழே விரித்த மரச்சுருளைக் கொத்தி விழுங்கி அரைவைப்பையில் சேர்த்துக்கொள்வதை நார்வே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கொட்டகைகளில் உமியும் தென்னைநார்க் கழிவும் விரிக்கிறோம். சுத்தமான உமியாக விழுங்கினால் குற்றமில்லை. மூன்று வார எச்சம் ஊறிய உமியை விழுங்கினால் ரத்தக்கழிச்சலின் முட்டைகளையும் சேர்த்து விழுங்குகிறது. தட்டில் கிடைக்க வேண்டியதைத் தரையில் பொறுக்க விடுவது நல்ல வளர்ப்பாகாது.

வளர்ச்சி வேகத்தையும் கணக்கில் வையுங்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 1957, 1978, 2005 ஆகிய காலத்துக் கோழி இனங்களை ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டது. 56-ம் நாளில் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். இவ்வளவு வேகமாக வளரும் பறவையின் செரிமானம் கொஞ்சம் தடுமாறினாலும் இழப்பு பெரிது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 5,000 கோழி வளரும் கொட்டகை. ஒவ்வொன்றும் 2 கிலோ எடை. ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் என்றால் மொத்தம் 16 டன். இந்த விகிதம் 1.7 ஆனால் கூடுதலாக ஒரு டன் தீவனம். கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரே பேட்ச்சில் 40,000 ரூபாய். அதே 16 டன்னில் 3 சதவீதம் உமி சேர்ப்பதென்றால் தேவை 480 கிலோ உமி.

நாஞ்சில் நாட்டுச் சரக்கு

ஸ்பெயினும் நார்வேயும் ஓட்ஸ் தோலை வைத்துச் சோதித்தன. அங்கே கிடைப்பது அது. நம்மிடம் கிடைப்பது வேறு.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. கரையாத நார் என்ற வகையில் ஓட்ஸ் தோலுக்கு நெருங்கிய மாற்று. அதில் சிலிக்கா அதிகம், எரிசக்தி கிட்டத்தட்ட இல்லை. எனவே சேர்த்த அளவுக்கு எண்ணெய் கூட்டி எரிசக்தியைச் சமன் செய்தாக வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் சேர்த்த நோக்கமே கெடும். பூஞ்சை பிடிக்காத உமியாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் கவனித்தால் உமி மலிவான, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சரக்கு.

தேங்காய்ப் புண்ணாக்கு குமரிக்காரர்களின் கண்ணில் முதலில் படும் பொருள். எடுத்தவுடன் கோழிக்கு அள்ளிப் போடலாம் என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும் லைசின் குறைவு. கச்சா நார் 10 முதல் 15 சதவீதம். அந்த நாரில் பெரும்பங்கு மானன். தண்ணீரை உறிஞ்சி ஊதும் தன்மை மிகுதி. சிறு குஞ்சின் தீவனப்பை அதிலேயே நிரம்பிவிடும், தேவையான சத்து உள்ளே போகுமுன் பசி அடங்கிவிடும். செக்கில் ஆட்டிய புண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். ஈரக்காற்றில் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும் பூஞ்சையும் சேரும். குஞ்சுப் பருவத்தில் விலக்கி, வளர்ந்த பிறகு மானனேஸ் நொதியோடு சிறு அளவில் சேர்ப்பதே அறிவு. கொப்பரை நன்றாகக் காய்ந்ததா என்பதைப் பொறுத்து ஒரே ஊரில் இரண்டு ஆலைகளின் புண்ணாக்கு இரண்டு தரமாக இருக்கும்.

மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக்கிழங்குக்கு, இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. இன்றைய குமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரின் பகுதியாகவும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சகாலத்துக்கு உதவும் என்று மரச்சீனியைப் பரப்பினார். உலர்ந்த மரச்சீனி நல்ல மாவுச்சத்து, புரதம் சொற்பம், தோலில் சயனைடு கூடுதல் என்பதால் நன்கு காய வைக்க வேண்டும். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் திப்பி மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. கோழிக்கு எவ்வளவு ஆகும், எந்த வயதில் ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டிய பொருள் அது. ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இனயத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தீவனப் பரிசோதனைக் கூடமும் இருக்கிறது. கிழங்கை அறிந்தவர்களும் கோழியை அறிந்தவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

எத்தனால் வழியாக வரும் நார்

ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்? நாம் கேட்காமலே தீவனத்தில் நார் கூடிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டத்துக்கு மக்காச்சோளம் திருப்பப்பட்டது. 2023-24-ல் அதுவே எத்தனாலுக்கான பெரிய மூலப்பொருளாக உயர்ந்தது. காலங்காலமாக ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2024-ல் ஏற்றுமதியைவிட அதிக மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது. சோயா விலை ஏறிய 2021-ல் 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது நினைவிருக்கும். கோழித் தொழில் விலையின் அடியை எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

எத்தனால் ஆலையில் மாவுச்சத்து சாராயமாகப் போன பிறகு மிஞ்சுவதைக் காயவைத்து ‘டிடிஜிஎஸ்’ என்று விற்கிறார்கள். சோயாவைவிட மலிவு என்பதால் தீவன ஆலைகள் விரும்பி வாங்குகின்றன. மாவுச்சத்து வெளியேறியதால் புரதம், நார், கூடவே மூலதானியத்தில் இருந்த பூஞ்சை நஞ்சு எல்லாமே ஏறத்தாழ மூன்று மடங்கு செறிந்திருக்கும். தரமான சரக்கை அளவோடு, நொதியோடு சேர்த்தால் குறையொன்றுமில்லை. ஆனால் ஆலைக்கு ஆலை, லோடுக்கு லோடு தரம் மாறுகிறது. அதிலுள்ள நார் நுண்ணியது. அரைவைப்பைக்கு உமி செய்யும் வேலையை அது செய்யாது. மூட்டையில் ‘கச்சா நார் 5 சதவீதத்துக்குள்’ என்றே அச்சாகியிருக்கும்.

இதன் சுமை ஒப்பந்தப் பண்ணையாளர் தோளில் விழுகிறது. தமிழ்நாட்டில் பிராய்லர் பெரும்பாலும் ஒப்பந்த முறையில் வளர்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு விவசாயியுடையவை. பல்லடத்தில் அறிவிக்கும் பண்ணை விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியில் தீவன மாற்று விகிதத்தைப் பார்த்து ஊக்கத்தொகை உண்டு, பிடித்தமும் உண்டு. தீவனத்தில் என்ன கலந்தது என்று தெரியாதவர், அதைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லாதவர், அந்தத் தீவனம் செரிக்காமல் போனதற்குக் கூலியில் இழக்கிறார். இது அநியாயம். கூளம் ஈரமானால் ‘உன் பராமரிப்புச் சரியில்லை’ என்ற பேச்சையும் அவரே கேட்க வேண்டியிருக்கிறது.

சாப்பிடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கோழிக் குடலின் கோளாறுகளை ஆன்டிபயாடிக் கொடுத்து மூடி மறைக்கும் பழக்கம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரியில் நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசிக்கட்ட மருந்தான கொலிஸ்டினைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க இந்தியா 2019 ஜூலையில் தடை விதித்தது. மருந்தை எடுத்துவிட்டால் குடலைக் காப்பது எது? அமிலம் நன்கு சுரக்கும் அரைவைப்பை, தீவனத்தோடு வரும் கிருமிகளில் கணிசமானவற்றை வாசலிலேயே கொன்றுவிடும். அதற்கு வேலை கொடுக்கும் பருவெட்டான நார், மருந்துக்கடைக்குப் போகாமல் கிடைக்கும் பாதுகாப்பு. நார் ஒன்றே எல்லா நோய்க்கும் பரிகாரம் என்று நான் சொல்லவில்லை; சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, காற்றோட்டம் எல்லாம் வேண்டும். அவற்றோடு இதுவும் சேரட்டும்.

செய்ய வேண்டியவை அப்படியொன்றும் பெரியவை அல்ல. தர நிர்ணய அமைவனம் 5 சதவீத வரம்பை வைத்துக்கொண்டே, கரையும் நாரையும் கரையாத நாரையும் தனித்தனியே குறிப்பிடும் முறைக்கு மாறலாம். டிடிஜிஎஸ், தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, கொத்தவரைப் புண்ணாக்கு ஆகியவை சேர்ந்திருந்தால் எத்தனை சதவீதம் என்று மூட்டையில் தமிழில் அச்சிடச் செய்யலாம். ஒப்பந்தங்களில் தீவன மாற்று விகிதத்துக்காகப் பிடித்தம் செய்யுமுன், அந்த பேட்ச் தீவனத்தின் பரிசோதனை அறிக்கையை விவசாயிக்குத் தர வேண்டும் என்று கால்நடைப் பராமரிப்புத் துறை விதி செய்யலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உமியையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் திப்பியையும் வைத்து, கொங்கு மண்டலத்து வறண்ட காற்றில் மட்டுமல்லாமல் குமரியின் ஈரக்காற்றிலும் சோதனை நடத்தி, எந்த வயதில் எத்தனை கிராம் என்று பண்ணையாளர் படித்துப் புரிந்துகொள்ளும்படி வெளியிட வேண்டும். வெளிநாட்டு ஓட்ஸ் தோல் முடிவுகளை அப்படியே பெயர்த்து வந்து இங்கே ஒட்ட முடியாது.

கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பேட்ச் குஞ்சு இறங்கும்போது தீவனத்தில் என்னென்ன, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வந்த தீவனத்தில் ஒரு கிலோவைக் காற்றுப்புகாமல் கட்டி, தேதி எழுதிக் கோழி பிடிக்கும் நாள் வரை வைத்திருங்கள். எடை குறைந்தாலோ கூளம் காரணமின்றி நனைந்தாலோ அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். இறந்த கோழியை அறுத்துப் பார்க்கும் மருத்துவரிடம் அரைவைப்பையையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். தனி ஆளாகக் கேட்டால் பதில் வராது என்றால், உங்கள் பகுதியில் கொட்டகை வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.